ஏழு பத்துக்குப் போட்ட ஊசி

கேஸ் ஷீட்டில் எல்லாமே சரியாக இருந்தது. முதலில் எங்களைக் குழப்பியதும் அதுதான். அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுக்க வேண்டிய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்திருந்தார்கள். மருந்தின் தேர்விலும் குறை இல்லை. தியேட்டர் சரிபார்ப்புப் பட்டியலில் அதற்கான கட்டத்தில் டிக், பட்டியலின் அடியில் மூன்று கையெழுத்து. ஆனாலும் ஏழாம் நாள் காயத்திலிருந்து சீழ் வந்தது. அந்தச் சீழில் வளர்ந்த கிருமி, கொடுத்த அதே மருந்துக்கு நன்றாக அடங்கக்கூடிய கிருமி.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். இதில் வரும் நோயாளி ஒரே ஆள் அல்ல. ஒரே மாதிரியான பல ஏடுகளைப் படித்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒன்றாகக் கோத்த நிகழ்வு இது. நேரங்களும் அளவுகளும் பாடத்துக்காக அமைத்தவை. தவறுகளை மட்டும் நான் அமைக்க வேண்டியிருக்கவில்லை.

நோயாளி

ஆண், வயது 52, எடை 98 கிலோ. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4 இருந்தது. முன்பு வயிற்றில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையின் தழும்பில் ஹெர்னியா. இருமினால் பிதுங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். பழைய தழும்பைத் திறந்து, தசைக்குப் பின்னால் பாலிப்ரொப்பிலீன் வலை ஒன்றை விரித்துத் தைப்பது என்று முடிவானது.

குடலைத் திறக்கப் போவதில்லை என்பதால் வகைப்பாட்டின்படி இது 'சுத்தமான' அறுவைச் சிகிச்சை. இந்தச் சொல் பலரை ஏமாற்றிவிடும். தோலை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மயிர்க்கால்களுக்குள்ளும் வியர்வைச் சுரப்பிகளுக்குள்ளும் குடியிருக்கும் கிருமிகள் முழுதாகப் போகாது. கத்தி அந்த இடத்தைக் கடக்கும்போது அவற்றில் சில உள்ளே இறங்கத்தான் செய்யும். வெறும் தசையும் கொழுப்பும் மட்டும் என்றால் உடல் தானாகவே சமாளித்துவிடும். சுத்தமான சின்ன அறுவைகள் பலவற்றுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை என்பது இதனால்தான். ஆனால் உள்ளே வெளிப்பொருள் ஒன்று தங்கப் போகிறது என்றால் கணக்கே வேறு. எலெக், கோனென் என்ற இருவர் 1957இல் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற சீழ்க் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரணத் தோலில் சீழ் பிடிக்க லட்சக்கணக்கான கிருமிகள் வேண்டியிருந்தன. ஒரு பட்டுத் தையல் நூல் இருந்த இடத்தில் சில நூறே போதுமானதாக இருந்தது. வலை என்பது அந்த நூலைவிடப் பல மடங்கு பெரிய பொருள்.

ஆகவே இவருக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. செஃபாசோலின் எழுதினார்கள். தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸை நன்றாக அடக்கும், சிரையில் போட்டால் சில நிமிடங்களில் திசுவுக்குப் போய்ச் சேரும், பக்க விளைவும் குறைவு. பழைய மருந்துதான். இந்த வேலைக்கு இன்னும் அதை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் காலை

எட்டு மணிக்குத் தியேட்டர் என்று முந்தைய நாளே பட்டியல் போட்டாயிற்று. வார்டில் அச்சடித்த உத்தரவுத் தாள் ஒன்று உண்டு: 'தியேட்டருக்கு அனுப்பும் முன் செஃபாசோலின் 1 கிராம், சிரை வழி.' காலை 7:10க்கு வார்டு செவிலியர் அதைப் போட்டு, நேரம் எழுதி, கையெழுத்திட்டார். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. தாளில் இருந்தது அதுதான்.

7:40க்கு அவசர சிசேரியன் ஒன்று வந்தது. இருந்த தியேட்டர் அதற்குப் போனது. அது முடிந்து, அறையைச் சுத்தம் செய்து, கருவிகளை மாற்றி, நம் நோயாளியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது மணி 9:50. மயக்க மருந்து கொடுத்து, தோலைச் சுத்தம் செய்து, துணி போர்த்தியபின் சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கும் செவிலியர் கேட்டார்:

"ஆன்டிபயாடிக் போட்டாச்சா?"

"வார்டுலயே போட்டாச்சு, சிஸ்டர்."

டிக். கீறல் 10:25க்கு.

உள்ளே குடல் பழைய தழும்போடு ஒட்டிக் கிடந்தது. ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது அவசரப்படுத்த முடியாத வேலை. இரண்டு மணி நேரம் என்று நினைத்தது நீண்டுகொண்டே போனது. இரத்தம் சுமார் 400 மில்லி போயிருக்கும். அது ஒன்றும் பெரிதில்லை. குடலில் ஓட்டை விழவில்லை. வலையை விரித்து, தைத்து, தோலை மூடியபோது மணி 13:50. மயக்கத் தாளின் கடைசி வரியில் உடல் வெப்பம் 35.2 டிகிரி என்று இருக்கிறது. அது எங்கள் கண்ணில் பட்டது பிற்பாடுதான்.

மாலை நான்கு மணிக்கு அடுத்த செஃபாசோலின். எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டு நாள் ஊசி, பிறகு மூன்று நாள் மாத்திரை, ஆக மொத்தம் ஐந்து நாள். இதுவும் அச்சடித்த தாளில் இருந்த வரிதான். நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். ஏழாம் நாள் 38.4 டிகிரி காய்ச்சலோடும் வலியோடும் திரும்பி வந்தார். தழும்பின் கீழ்ப்பாதி சிவந்து, சூடாக, அமுக்கினால் தளதளவென்று இருந்தது. தியேட்டரில் திறந்தபோது சீழ் தோலுக்கடியோடு நிற்காமல் தசை உறையைத் தாண்டி வலை வரை இறங்கியிருந்தது.

கிருமி வளர்ப்பு முடிவு: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மெத்திசிலினுக்கு அடங்கும் வகை. செஃபாசோலினுக்கும் அடங்கும்.

வலை பெரிய கண்ணுள்ள வகை என்பதால் அதை எடுக்காமல் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று அறுவை மருத்துவர் முடிவெடுத்தார். கழுவி, காயத்தைத் திறந்தே வைத்து, உறிஞ்சுக் கட்டு போட்டார்கள். இந்த முறை செஃபாசோலின் 2 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, இரண்டு வாரம். காயம் அடங்க ஆரம்பித்த நேரத்தில், அறுவை முடிந்த பதினாறாம் நாள், வயிற்றுப்போக்கு பிடித்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலின் நச்சு தெரிந்தது. குடலின் நல்ல கிருமிகளை ஆன்டிபயாடிக் அழித்துவிட, காலியான இடத்தில் வந்து உட்காரும் கிருமி அது. அதற்கு வான்கோமைசின் என்ற வேறோர் ஆன்டிபயாடிக், வாய்வழியாகப் பத்து நாள்.

மருந்து உடலில் எவ்வளவு நேரம் நின்றது

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவரின் இரத்தத்தில் செஃபாசோலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1.8 மணி நேரம் ஆகும். 7:10க்குப் போட்டது 10:25க்கு, அதாவது மூன்றேகால் மணி நேரத்தில், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். கத்தி தோலைத் தொடும்போதே நிலைமை அது. தையல் முடியும்போது ஊசி போட்டு ஆறு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. எஞ்சியது பதின்மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். போட்ட 1 கிராமில் ஏறத்தாழ 77 மில்லிகிராமுக்குச் சமம்.

அளவும் குறைவு. அமெரிக்க மருந்தாளுநர், தொற்றுநோய், அறுவைச் சிகிச்சைச் சங்கங்கள் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 2 கிராம், 120 கிலோவுக்கு மேல் 3 கிராம் என்று இருக்கிறது. அறுவை நீண்டால் முதல் டோஸ் போட்ட நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் இன்னொரு டோஸ். 1500 மில்லிக்கு மேல் இரத்தம் போனால் அதற்கு முன்பே. எண்ணத் தொடங்குவது முதல் ஊசியிலிருந்து, கீறலிலிருந்து அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நோயாளிக்கு அந்த நான்கு மணி நேரம் 11:10க்கு முடிந்தது. அப்போதுதான் வயிற்றைத் திறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாவது டோஸைப் பற்றி அந்த அறையில் யார் நினைக்கப் போகிறார்கள்? எல்லார் மனதிலும் அறுவை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

சரி, சரியாகச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பத்து மணிக்கு, மயக்கம் கொடுக்கும்போது 2 கிராம். 13:50க்கு அதில் நாலில் ஒரு பங்கு அளவு எஞ்சியிருக்கும், ஏறத்தாழ 450 மில்லிகிராமுக்குச் சமம். உண்மையில் இருந்ததைப் போல ஆறு மடங்கு. இரண்டாவது டோஸுக்கே வேலை இருந்திருக்காது, பத்து நிமிட வித்தியாசத்தில். இது இரத்த அளவை வைத்துப் போட்ட பலகைக் கணக்குதான்; கொழுப்புத் திசுவில் அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும், பருமனானவருக்கு இன்னும் குறைவு. ஆனால் திசை மாறாது.

இதனால்தான் தொற்று வந்தது என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஒரே ஒரு நோயாளியில் அதை நிரூபிக்க வழியில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பருமன், நீண்ட நேரம், குளிர்ந்த உடல், இவை ஒவ்வொன்றும் தொற்றை வரவழைக்கக் கூடியவை. குளிர்ச்சியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் பெருங்குடல் அறுவைக்கு வந்த 200 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: உடலைச் சூடாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், குளிர விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் காயத் தொற்று வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் தொற்று வருபவர்கள் உண்டு. தவறான நேரத்தில் மருந்து வாங்கியும் தப்பித்தவர்கள்தான் அதிகம். நாங்கள் கேட்டுக்கொண்டது இந்தக் கேள்வியை: அவருடைய சர்க்கரையையும் எடையையும் அன்று காலை நாம் மாற்றியிருக்க முடியாது, ஊசியின் நேரத்தை மாற்றியிருக்க முடியுமல்லவா?

1961லேயே தெரிந்தது

இது புதிய அறிவே அல்ல என்பதுதான் உறுத்தல். ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் 1961இல் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸைச் செலுத்தி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே திசுவில் மருந்து இருந்தால் புண் பெரிதாகவில்லை. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடுக்காததற்கும் கொடுத்ததற்கும் வேறுபாடே இல்லை. காயம் உண்டான சில மணி நேரத்துக்குள் சண்டை முடிந்துவிடுகிறது; மருந்து அதற்குள் களத்தில் இருந்தாக வேண்டும்.

மனிதர்களிடம் இதைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2847 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து கிளாசென் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத் தொற்று. கீறலுக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் 1.4. அதற்கும் பிந்தியவர்களில் 3.3. சரி, பிந்தினால் கெடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் முன்னதாகவே, மிகவும் முந்திப் பெற்றவர்களில்? 3.8 சதவீதம். எல்லாக் குழுவிலும் அதிகம் அதுதான்.

நம் நோயாளி விழுந்தது இந்த வரிசையில். எங்கள் ஊழியர்களிடம் கேட்டபோது கிட்டத்தட்ட எல்லாரும் 'தாமதம்தான் ஆபத்து' என்றார்கள். முந்திக் கொடுப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது; எதையும் முன்கூட்டியே செய்து வைப்பவரைத்தானே பொறுப்பானவர் என்று பாராட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டுதலுக்காக ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே படம்தான் கிடைத்தது: கீறலுக்குப் பின் கொடுத்தால் தொற்று வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, 120 நிமிடத்துக்கும் முன்பே கொடுத்தால் ஐந்து மடங்கு. இவை நோயாளிகளைக் கவனித்துப் பதிந்த ஆய்வுகள், சீட்டுப் போட்டுப் பிரித்தவை அல்ல. அறுவை தள்ளிப்போகும் நோயாளிகளுக்கு வேறு சிக்கல்களும் இருந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஐந்து என்பது கண்ணை உறுத்தும் எண்.

இதைப் படித்துவிட்டு நிமிடக் கணக்கில் பதற வேண்டாம் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 5580 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதிக்கு மயக்க அறையில், கீறலுக்குச் சுமார் 42 நிமிடம் முன்பும், மறுபகுதிக்குத் தியேட்டருக்குள், சுமார் 16 நிமிடம் முன்பும் மருந்து கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: இரண்டிலும் தொற்று சுமார் 5 சதவீதம், வேறுபாடு இல்லை. அதாவது கடைசி ஒரு மணி நேரத்துக்குள் எங்கே கொடுத்தாலும் பரவாயில்லை. வார்டில் கொடுக்காமல் இருந்தால் போதும்.

டிக் எங்கே ஏமாற்றியது

உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இந்தக் கேள்வி கீறலுக்குச் சற்று முன் கேட்கும் பகுதியில் இருக்கிறது: கடந்த 60 நிமிடத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா? எங்கள் கையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தோம். 'ஆன்டிபயாடிக்: ஆம் / இல்லை.' அவ்வளவுதான்.

எந்த ஆண்டில் யார் சுருக்கினார்கள் என்று தெரியவில்லை. கட்டம் சின்னது, எழுத்து இடிக்கிறது என்று அச்சுக்குக் கொடுத்தவர் வெட்டியிருக்கலாம். அந்த '60 நிமிடத்துக்குள்' போனதோடு கேள்வியின் உயிரும் போய்விட்டது. "போட்டாச்சா?" என்ற கேள்விக்கு அன்று வந்த பதில் முழு உண்மை. மூன்று பேர் நேர்மையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பழைய ஏடுகள் சிலவற்றைப் புரட்டினோம். எல்லாவற்றிலும் டிக் இருந்தது, கீறலுக்கு எத்தனை நிமிடம் முன் ஊசி என்று பார்க்கத்தான் இரண்டு மூன்று தாள்களை ஒப்பிட வேண்டியிருந்தது. ஊசியின் நேரம் வார்டுத் தாளில், கீறலின் நேரம் மயக்கத் தாளில். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கவே இல்லை.

பொறுப்பும் அப்படித்தான் சிதறியிருந்தது. மருந்து எழுதுவது அறுவைப் பிரிவு, போடுவது வார்டு, நேரம் தள்ளிப்போவதை அறிவது தியேட்டர், நோயாளியின் சிரை மயக்க மருத்துவரின் கையில். தியேட்டர் தள்ளிப்போன செய்தி வார்டுக்குப் போகும்போது ஊசி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மறுபடி ஒரு டோஸ் போடலாம் என்று சொல்ல வேண்டியவர் யார் என்று கூட்டத்தில் கேட்டபோது, நான்கு பிரிவினரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஐந்து நாள் ஏன்?

ஆய்வுக் கூட்டத்தில் சூடு பறந்தது இந்த இடத்தில்தான். மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் சொன்னார்: "ஐஞ்சு நாள் கொடுத்தும் இவருக்கு வந்திருக்கு. கொடுக்கலைன்னா இன்னும் மோசமா ஆகியிருக்கும். வலை வெச்சிருக்கோம், எனக்கு அது ஒரு தைரியம்."

அந்தத் தைரியத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் தூக்கம் கெடுவது அவருக்குத்தான். ஆனால் உடலியல் அவர் பக்கம் இல்லை. காயம் மூடியபின் உள்ளே தங்கிய கிருமியைச் சுற்றி உறைந்த இரத்தமும் ஃபைப்ரின் என்ற நார்ப்பொருளும் சுவர் எழுப்பிவிடும். அங்கே இரத்த ஓட்டம் இல்லை. இரத்த ஓட்டம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. வலைமேல் ஒட்டிய கிருமி தனக்கென்று ஒரு பசைப் படலத்தைக் கட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து புதுக் கிருமி வருமே என்றால், தைத்த தோல் ஓரிரு நாளில் ஒட்டி மூடிக்கொள்கிறது.

சீட்டுப் போட்டுப் பிரித்த 52 சோதனைகளையும் அவற்றில் இருந்த 19,273 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2020இல் வந்தது. அதில்தான் இந்த வாதத்துக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் டோஸை நேரத்துக்குக் கொடுத்து, தேவையான இடத்தில் அறுவையின்போதே மீண்டும் கொடுத்த சோதனைகளில், அறுவைக்குப் பிறகு தொடர்ந்து கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. அப்படிச் சரியாகக் கொடுக்காத சோதனைகளில் தொடர்ந்து கொடுத்தது கொஞ்சம் உதவியது.

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "அப்போ நான் சொன்னது சரிதானே?" ஒரு வகையில் சரிதான். ஐந்து நாள் கொடுப்பது உதவுகிறது என்ற அனுபவம் ஒரு மருத்துவருக்கு இருந்தால், அவருடைய முதல் டோஸ் அடிக்கடி பிழையாகப் போகிறது என்று பொருள். ஓட்டைக் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது உதவத்தான் செய்கிறது; அதனால் வீடு கட்டும்போதே பாத்திரத்தையும் திட்டத்தில் வரைவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2017 வழிகாட்டுதலும் இந்த விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: இத்தகைய அறுவைகளில் தோலை மூடியபின் தடுப்பு ஆன்டிபயாடிக் வேண்டாம். வடிகுழாய் இருந்தாலும் வேண்டாம்.

செலவு இல்லாத தைரியமும் அல்ல அது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 79,058 அறுவைகளைப் பார்த்தது. தடுப்பு மருந்து நீளும் ஒவ்வொரு நாளும் சிறுநீரகப் பாதிப்பும் டிஃபிசில் தொற்றும் கூடின, காயத் தொற்று குறையவில்லை. நம் நோயாளிக்கு வந்த வயிற்றுப்போக்கு ஐந்து நாள் தடுப்பு மருந்தாலா, பிறகு சீழுக்காகக் கொடுத்த இரண்டு வாரத்தாலா என்று பிரிக்க முடியாது. அநேகமாக இரண்டாவதுதான் பெரிய பங்கு. ஆனால் அந்த இரண்டு வாரம் வந்ததே முதல் டோஸ் தவறியதால் இருக்கலாம் என்னும்போது, பழியைப் பங்குபோடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

மாற்றியவை

பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. வார்டு உத்தரவுத் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு 'மருந்தை நோயாளியோடு அனுப்பவும், போட வேண்டாம்' என்று மாற்றினோம். ஊசி போடும் வேலை மயக்க மருத்துவருக்குப் போனது. சிரை அவர் கையில், கடிகாரம் அவர் கண்முன், எப்போது கத்தி வைக்கப் போகிறார்கள் என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். முதலில் அவர்கள் இதை விரும்பவில்லை. எங்கள் வேலைப் பட்டியல் ஏற்கெனவே நீளம் என்றார்கள். நியாயம்தான். செஃபாசோலின் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மெதுவாகத் தள்ளிவிடக்கூடியது என்பதால் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

செஃபாசோலினுக்குப் பதிலாகச் சிலருக்குக் கொடுக்கும் வான்கோமைசின் அப்படி இல்லை. அதை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் உடல் சிவந்து இரத்த அழுத்தம் விழும். கீறலுக்கு 120 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் அதற்குத் தனி வரி. அந்த மருந்து யாருக்குப் போகிறது என்று தேடியபோது இன்னொன்று தெரிந்தது: பெரும்பாலும் ஏட்டில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியவர்களுக்கு, செஃபாசோலினும் பென்சிலினுக்கு உறவுதானே என்ற பயத்தில். விசாரித்தால் பாதிப் பேருக்கு அது சின்ன வயதில் வந்த ஏதோ தடிப்பு, அம்மா சொல்லிக் கேட்டது. அப்படி எழுதப்பட்டவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் உண்மையான அலர்ஜி இருப்பதில்லை. செஃபாசோலினின் பக்கச் சங்கிலி பென்சிலின்களோடு ஒத்துப்போகாதது என்பதால் அலர்ஜி இருப்பவர்களில் பலருக்குக்கூட அதைக் கொடுக்கலாம். கடுமையான எதிர்வினை வந்தவர்களை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் வந்த ஆய்வொன்றில், அலர்ஜி முத்திரை உள்ளவர்களுக்குக் காயத் தொற்று வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது, மாற்று மருந்துதான் காரணம். இது தனியாக எழுத வேண்டிய கதை.

மூட்டு அறுவைப் பிரிவு தங்களுக்கு ஒரு வரி கேட்டு வாங்கியது: இரத்தத்தை நிறுத்தும் பட்டையை இறுக்கும் முன் முழு டோஸும் உள்ளே போயிருக்க வேண்டும். பட்டை இறுகியபின் போடும் மருந்து காலுக்கு வரவே வராது.

சரிபார்ப்புப் பட்டியலில் 'ஆம் / இல்லை' போய், நேரம் எழுத ஒரு கோடு வந்தது. செவிலியர் இப்போது "எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்கிறார். வந்த மாற்றங்களிலேயே மலிவானது இதுதான், அதிகம் வேலை செய்ததும் இதுதான். மணியைச் சொல்ல வாயெடுக்கும்போதே மயக்க மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறார். ஒருமுறை, "எட்டு பத்து" என்று சொன்னவர் தானே நிறுத்தி, "இருங்க, இப்ப பத்தேகால் ஆச்சே" என்று இன்னொரு டோஸ் எடுத்தார்.

இரண்டாவது டோஸ் மட்டும் இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. வெள்ளைப் பலகையில் 'அடுத்தது' என்று நேரம் எழுதுகிறோம். நான்கு மணி நேரம் என்பது பெரும்பாலும் அறுவையின் மிகக் கடினமான கட்டத்தில், அல்லது மயக்க மருத்துவர் பணி மாறும் நேரத்தில் வந்து விழுகிறது. அலாரம் வைத்துப் பார்த்தோம். நான்காம் நாள் யாரோ அணைத்து வைத்துவிட்டார்கள். இப்போதைக்குப் பலகையும், அதைப் பார்த்துக் குரல் கொடுக்கும் செவிலியரும்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் குரல் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

ஐந்து நாள் வரியை அடிப்பதற்கு எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. அந்த மூத்த மருத்துவர் முதலில் ஒரு நாளுக்கு வந்தார். வலை வைக்காத அறுவைகளில் தையலோடு நிறுத்த ஒப்புக்கொண்டார். வலை வைத்தவர்களுக்கு இன்னும் 24 மணி நேரம் எழுதுகிறார். நாங்களும் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

நோயாளியிடம் சொன்னது

அறுவை மருத்துவரே நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார். ஊசி சீக்கிரமாகவே போடப்பட்டது, அறுவை தள்ளிப்போனது, மறுபடி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் காரணமாக இருக்கலாம். உங்கள் சர்க்கரைதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். அதைச் சொல்லவும் செய்தார், ஆனால் கடைசியில், பாதி மூச்சில்.

நோயாளி பேசவில்லை. அவர் மனைவிதான் சொன்னார்: "காலையிலயே போட்டுட்டாங்களேன்னு நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர். மறக்காம போட்டாங்களேன்னு."

காயம் உள்ளிருந்து நிரம்பி மூட ஏழு வாரம் ஆனது. வெளிப்பொருள் வைத்த அறுவைகளில் தொற்றை 90 நாள் வரை கண்காணிக்க வேண்டும் என்பதால் அதுவரை வந்து போனார். வலை உள்ளேயே இருக்கிறது. தழும்பின் கீழ்ப்பாதி அகலமாக, சற்றே உள்வாங்கி இருக்கிறது. இருமும்போது அதன்மேல் கை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.